ஒரு மலைக்குப் பல எழுத்துக்கூட்டல்: இணைய நூற்பட்டியல்களிலும் தரவுத்தளங்களிலும் ஆய்வு நூல்களைத் தேடும் முறை

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்யவிருந்த மாணவி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் குன்னூரிலிருந்து பேருந்தேறி உதகைக்கு வந்து, "நம்ம மலைப் புல்வெளியைப் பத்தி இதுவரைக்கும் யாருமே ஆராய்ச்சி பண்ணலைங்க சார், நெட்டுல தேடிப் பார்த்துட்டேன்" என்று என்னிடம் சொன்னார். பத்து நாள் உழைத்துத்தான் அந்த முடிவுக்கு வந்திருந்தார். ஆனால் பத்து நாளும் அவர் தேடியது ஒரே இடத்தில், இரண்டே ஆங்கிலச் சொற்களைக் கொண்டு. அன்று பிற்பகல் இருவரும் கணினி முன் உட்கார்ந்து தேடியதில், மாதக்கணக்கில் படித்தாலும் தீராத அளவுக்கு நூல்களும் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் கிடைத்தன. 'இப்பொருளை இதுவரை யாரும் ஆராயவில்லை' என்று ஆய்வேட்டின் முதல் இயலில் எழுதுவதற்கு முன், தேடிய முறை சரிதானா என்பதைச் சோதித்தாக வேண்டும். அதற்காகவே அன்று செய்ததை இங்கே விரித்து எழுதுகிறேன். அவருடைய பொருளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்: நீலகிரி, பழனி மலைகளின் உயர்நிலப் புல்வெளிகள் சீகை, கற்பூர மர (யூகலிப்டஸ்) தோட்டங்களாக மாறிய வரலாறு.

தேடுவதற்கு முன் எழுத வேண்டியவை

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள். நூலகத்தின் மேசைக்குப் பின்னால் இருக்கும் நூலகரிடம் 'ஊட்டி' என்று கேட்டாலும் 'உதகமண்டலம்' என்று கேட்டாலும் அவருக்குப் புரிந்துவிடும். இணைய நூற்பட்டியலோ, நீங்கள் இட்ட எழுத்துகள் அதன் பதிவுகளில் அப்படியே இருக்கின்றனவா என்பதை மட்டுமே பெரும்பாலும் பார்க்கும். ஓர் எழுத்து மாறினாலும் இல்லை என்று கைவிரித்துவிடும். ஆகவே, உங்கள் பொருளோடு தொடர்புடைய ஒவ்வொரு பெயரும் கடந்த இருநூறு ஆண்டுகளில் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் திரட்டிக்கொள்ள வேண்டும். மலைப்பகுதியைப் பற்றிய ஆய்வில் இந்த வேலை மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. இந்த மலைகளைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் மிகுதியாக எழுதியவர்கள், காதில் விழுந்ததைத் தத்தம் போக்கில் எழுதிய ஆங்கிலேயர்கள்.

இடப்பெயர்களிலிருந்து தொடங்குங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த ஆங்கில நூல்களில் நீலகிரி 'நெயில்கெர்ரி' என்பது போல எழுதப்பட்டிருக்கும். 1880-இல் கிரிக் தொகுத்த மாவட்டக் கையேட்டில் அது நம் ஒலிப்புக்கு நெருக்கமாக, 'எல்' எழுத்துக்குப் பின் ஓர் 'ஏ' சேர்த்து, 'நிலகிரி' என்றாகிறது. 1908-இல் பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரத் தொகுப்பான கெசட்டியரில் அந்த 'ஏ' இல்லாத இன்றைய வடிவம் இருக்கிறது. பழனி மலையின் நிலையும் இதுவே. ஃபைசன் 1915 முதல் வெளியிட்ட தாவர நூல் 'புல்னி' என்கிறது. 1999-இல் வந்த கே.எம். மேத்யூவின் தாவர நூல் 'பல்னி' என்கிறது. பழனி மலைப் புல்வெளிகள் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியதைக் காட்டிய 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை 'பழனி' என்கிறது. ஒரே மலையைப் பற்றிய இம்மூன்றும் ஒரு சொல்லுக்கு ஒருசேர வருவதில்லை.

அடுத்து, பொருட்களின் பெயர்கள். நாம் சீகை என்னும் மரத்தை ஆங்கிலத்தில் 'வாட்டில்' என்பார்கள். அதன் இன்றைய அறிவியல் பெயர் 'அகேசியா மியர்ன்சி'; பழைய வனத்துறைக் கட்டுரைகளிலோ 'மொல்லிசிமா', 'டெக்கரென்ஸ்' என்ற பெயர்களில்தான் அது இருக்கும். கற்பூர மரம் யூகலிப்டஸ் என்றும் 'புளூ கம்' என்றும் வரும். சோலை என்ற நம் சொல் ஆங்கிலத்தில் கடைசியில் 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதப்படுகிறது. புல்வெளியை இன்றைய ஆய்வாளர்கள் 'கிராஸ்லேண்ட்' என்கிறார்கள். அன்றைய ஆங்கிலேயர்களோ தங்கள் நாட்டு மேட்டுநிலத்தை நினைத்து 'டவுன்ஸ்' என்றார்கள், உதகைக்கு அருகே உள்ள வென்லாக் டவுன்ஸ் என்ற பெயரில் அது இன்றும் நிற்கிறது. வரையாட்டைப் பற்றித் தேடுபவர், 2005-இல் அதன் பேரினப் பெயர் 'ஹெமிட்ராகஸ்' என்பதிலிருந்து 'நீலகிரிட்ராகஸ்' என்று மாற்றப்பட்டதை அறியாவிட்டால், அதற்கு முந்தைய கட்டுரைகளில் பெரும்பகுதியை இழந்துவிடுவார்.

மக்களின் பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். தமிழிலேயே தோடர், தொதவர் என்றும் படகர், படுகர் என்றும் இருவேறு வடிவங்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் படகர்களை 'பர்கர்' என்று எழுதியிருப்பார்கள். அதே எழுத்துகளைக் கொண்டு தேடினால் இலங்கையின் டச்சு வழிவந்த பர்கர் சமூகத்தாரைப் பற்றிய நூல்கள்தாம் வரிசையாக வரும். கோத்தர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கோட்டா' என்பது ராஜஸ்தானின் ஒரு நகரம், இந்தோனேசிய மொழியில் நகரம் என்பதற்கான சொல், ஆப்பிரிக்காவின் ஒரு மக்களினத்தின் பெயர் என எல்லாமாக இருக்கிறது. 'தோடா' ஜப்பானியர்களிடையே உள்ள ஒரு குடும்பப் பெயர். இத்தகைய பெயர்களைத் தனியாக இடாமல், நீலகிரி என்ற சொல்லையோ எருமை, மந்து (தோடர் குடியிருப்பு) போன்ற தொடர்புடைய சொல்லையோ உடன் சேர்த்தே தேட வேண்டும்.

இன்னொன்று, பலரும் மறப்பது: நிர்வாக எல்லை. நீலகிரி 1868 வரை தனி மாவட்டம் அன்று. அதற்கு முந்தைய ஆவணங்கள் பெரும்பாலும் கோயம்புத்தூரின் பெயரில் இருக்கும். கொடைக்கானல் உள்ளிட்ட பழனி மலைப்பகுதி, 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் உருவாகும் வரை மதுரையைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் அது இறுதி 'ஐ' இல்லாமல் 'மதுரா' என்று எழுதப்பட்டிருக்கும்.

எதில் எதைத் தேடுவது

நூற்பட்டியலுக்கும் தரவுத்தளத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் பலர் வீணாக அலைகிறார்கள். ஒரு நூலகத்தின் இணைய நூற்பட்டியல், அந்த நூலகத்தில் எந்தெந்த நூல்களும் இதழ்களும் உள்ளன என்பதைச் சொல்லும். ஓர் இதழுக்குள் இருக்கும் கட்டுரையின் தலைப்பைப் பொதுவாக அது அறியாது. கட்டுரைகளை அறிந்திருப்பவை தரவுத்தளங்கள். கட்டுரைத் தலைப்பை நூற்பட்டியலில் இட்டு 'இல்லை' என்ற விடையைப் பெற்றுத் திரும்புவது, அரிசிக் கடையில் மண்ணெண்ணெய் கேட்பதைப் போன்றது.

நூல்களுக்கு, இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான இன்ட்கேட்டையும், உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டையும் பாருங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் உரிமையுள்ள நூலகங்களில் ஒன்று சென்னை கன்னிமாரா என்பதால், தமிழ் நூல்களுக்கு அதன் பட்டியல் முதன்மையானது. பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகமும் உள்ளன. பின்னதில் நூல்களையே திறந்து படிக்கலாம். பதிப்புரிமை முடிந்த ஆங்கில நூல்கள் பலவும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன. அங்கே தேடல் பெட்டி இயல்பாக நூல் விவரங்களை மட்டுமே தேடும். நூலின் உள்ளே இருக்கும் வரிகளைத் தேட, முழு உரைத் தேடல் என்ற தெரிவைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் தேடலில் மிக அதிகப் பயன் தந்தது இந்த ஒரு தெரிவுதான்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு, காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா. கோவை பாரதியார் பல்கலைக்கழகம், கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வேடுகள் இயல் இயலாகப் பிரித்து அதில் ஏற்றப்பட்டுள்ளன. ஓர் ஆய்வேட்டைக் கண்டவுடன் அதன் கடைசிக் கோப்பான துணைநூற்பட்டியலை முதலில் திறங்கள். உங்களுக்கு முன் அதே வழியில் நடந்தவர் எதையெல்லாம் படித்தார் என்பது அதில் இருக்கும். கட்டுரைகளுக்குக் கூகுள் ஸ்காலர், ஜேஸ்டோர் ஆகியவை பெரும்பாலோருக்குப் போதுமான தொடக்கம்.

சொற்களைச் சேர்க்கும் முறை

நோட்டில் எழுதியவற்றை இப்போது மூன்று குழுவாக்குங்கள்: இடம், நிலம், மரம். ஒரே பொருளைக் குறிக்கும் சொற்களுக்கு இடையே 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கில 'ஆர்' வர வேண்டும். அதைப் பெரிய எழுத்துகளில் இட வேண்டும். இடப்பெயர் வடிவங்கள் அனைத்தையும் 'ஆர்' கொண்டு இணைத்து ஓர் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். புல்வெளி, சோலை, டவுன்ஸ் ஆகியவற்றின் ஆங்கில வடிவங்களை இரண்டாவது அடைப்புக்குறிக்குள்ளும், மரப்பெயர்களை மூன்றாவதிலும் வையுங்கள். இம்மூன்றையும் 'அண்ட்' கொண்டு இணைத்தால், மூன்று குழுவிலிருந்தும் ஒரு சொல்லேனும் உள்ள பதிவுகள் மட்டும் வரும். மிகக் குறைவாக வந்தால் மூன்றாவது குழுவை நீக்கிப் பாருங்கள். மிக அதிகமாக வந்தால், தேடலைத் தலைப்புக்கும் சுருக்கத்துக்கும் மட்டும் என்று குறுக்குங்கள்.

'புளூ கம்' போன்ற இரட்டைச் சொற்களை மேற்கோள் குறிக்குள் இடாவிட்டால், நீல நிறம் எங்கோ வரும் நூலெல்லாம் வந்து குவியும். சொல்லின் இறுதியில் நட்சத்திரக் குறி இட்டால் அதன் ஒருமை, பன்மை வடிவங்கள் இரண்டையும் பல தரவுத்தளங்கள் எடுத்துத் தரும். கூகுள் ஸ்காலர் அந்தக் குறியை ஏற்பதில்லை. அதில் ஒரு சொல்லை விலக்கவும் 'இல்லாமல்' என்று பொருள்படும் 'நாட்' உதவாது. சொல்லுக்கு முன்னால் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இட வேண்டும். விலக்குவதை மிகச் சிக்கனமாகவே செய்யுங்கள். தேயிலை வேண்டாம் என்று அந்த மாணவி தேயிலையை விலக்கியபோது, புல்வெளி, மரத்தோட்டம், தேயிலை மூன்றையும் ஒப்பிட்ட கட்டுரைகளும் சேர்ந்தே மறைந்துபோயின.

தலைப்பில் இல்லாத நூல்

எவ்வளவு நல்ல சொற்பட்டியல் இருந்தாலும், தலைப்பில் உங்கள் சொல்லே இல்லாத நூல்கள் தப்பிவிடும். தோடர்களைப் பற்றிய தொடக்ககால ஆங்கில நூல்களில் ஒன்று 1832-இல் ஹார்க்னெஸ் எழுதியது. அதன் நீண்ட தலைப்பில் 'நெயில்கெர்ரி மலையுச்சியில் வாழும் தனித்தன்மை வாய்ந்த தொல்குடி' என்ற பொருளில் இருக்கிறதே தவிர, தோடர் என்ற பெயர் இல்லை. இது பழங்கால வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் புல்வெளிகள் மனிதர் காட்டை அழித்ததால் உண்டானவையா, தொன்றுதொட்டு உள்ளவையா என்ற நெடுங்கால வாதத்தில் மிக முக்கியமான சான்று, சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை. நீலகிரியின் சதுப்புநிலங்களில் படிந்த மட்குமண்ணில் உள்ள கார்பனை ஆராய்ந்து, புல்லும் மரமும் அதில் விட்டுச்சென்ற வெவ்வேறு அடையாளங்களைக் கொண்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுத் தாவர மாற்றங்களை அது காட்டியது. அக்கட்டுரையின் தலைப்பில் நீலகிரி இல்லை, புல்வெளி இல்லை, சோலையும் இல்லை. 'தென்னிந்தியாவின் வெப்பமண்டல மட்குமண்' என்றும் 'காலநிலை மாற்றம்' என்றும்தான் இருக்கிறது.

இவற்றைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பொருள் தலைப்பு. பெரிய நூலகங்களின் பதிவுகளில், நூலின் பெயர் எதுவாக இருந்தாலும், அது எதைப் பற்றியது என்பதை நூலகர்கள் ஒரே சீரான சொல்லால் குறித்திருப்பார்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு நல்ல நூலின் பதிவை வேர்ல்ட்கேட்டில் திறந்து, கீழே பொருள் என்ற இடத்தில் உள்ள சொல்லைப் பாருங்கள். தோடர்களுக்கு அங்கே 'இந்திய மக்கள்' என்ற அடைமொழியும் சேர்ந்திருக்கும், அதனால் ஜப்பானியக் குடும்பப் பெயரோடு குழம்பாது. அந்தச் சொல்லை அழுத்தினால், எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளைக் கடந்து நூல்கள் ஒன்றுகூடும்.

இரண்டாவது வழி மேற்கோள்களைப் பின்தொடர்வது. கட்டுரைகளுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. 2018-ஆம் ஆண்டுக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலைப் படித்தால் அது எவற்றின் மேல் நிற்கிறது என்பது தெரியும். இது பின்னோக்கிய தேடல். 1993-ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கூகுள் ஸ்காலரில் எடுத்து, அதை மேற்கோள் காட்டியவை என்ற இணைப்பை அழுத்தினால், கடந்த முப்பது ஆண்டுகளில் அதை யார் யார் ஏற்றும் மறுத்தும் எழுதினார்கள் என்பது வரும். இது முன்னோக்கிய தேடல். அந்த முடிவுகளுக்குள் மட்டும் மறுபடி தேடவும் அங்கே ஒரு தெரிவு இருக்கிறது. அதில் உங்கள் இடப்பெயர்களை இட்டால், ஆயிரம் ஐம்பதாகும்.

தமிழ் நூல்களைத் தேடும்போது

அமெரிக்க நூலகங்களில் தமிழ் நூல்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை நம் மாணவர்கள் பலர் அறிவதில்லை. 1962 முதல் ஓர் அரசுத் திட்டத்தின் வழியே இந்தியாவில் நூல்கள் வாங்கி அங்கே அனுப்பப்பட்டதால், இங்கே பதிப்பகமே மறந்துவிட்ட சிறு நூல்களும் அங்கே பட்டியலிடப்பட்டுள்ளன. ஆனால் அவற்றின் பழைய பதிவுகள் ரோமன் எழுத்தில், நூலகர்களுக்கென வகுக்கப்பட்ட விதிப்படி எழுதப்பட்டவை. அந்த விதியில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே ரோமன் எழுத்துதான். அது எப்படி ஒலித்தாலும் மாறாது. நீலகிரியில் உள்ள 'கி' நமக்கு 'ஜி' போட்டு எழுதிப் பழக்கம். அங்கே 'கே' போட்டுத்தான் இருக்கும். படகர் என்பதன் 'ப'வுக்கு நாம் ஆங்கிலத்தில் வழக்கமாக இடும் எழுத்து அங்கே வராது; கபிலர், பழனி ஆகியவற்றில் எந்த எழுத்தோ அதே எழுத்துதான் படகரிலும். இதைத் தெரிந்துகொண்ட பின் தேடினால், அதுவரை இல்லாதிருந்த நூல்கள் வந்து நிற்கும்.

தமிழ் எழுத்தில் தேடும்போது வேறொரு சிக்கல். 'கொ' போன்ற எழுத்தைக் கணினியில் இருவிதமாகப் பதிய முடியும்: கொம்பையும் காலையும் ஒரே குறியாக, அல்லது இரண்டு குறிகளாக. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் சில தளங்கள் அவற்றை வேறு சொற்களாகக் கொள்கின்றன. கொடைக்கானல் என்று இட்டு எதுவும் வராவிட்டால், அதே தளத்தில் உள்ள ஒரு பதிவிலிருந்து அச்சொல்லைப் படியெடுத்து ஒட்டித் தேடுங்கள். ஷோத்கங்காவில் உள்ள பழைய தமிழ் ஆய்வேடுகள் பலவும் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை, அல்லது தாளிலிருந்து வருடப்பட்டவை. அவற்றின் உள்ளே எந்தச் சொல்லையும் தேட இயலாது. துறை, நெறியாளர், ஆண்டு என்று வரிசைப்படி திறந்து கண்ணால் பார்ப்பதுதான் வழி. ஒரு பிற்பகல் போகும், போனால் போகட்டும்.

முழுக் கட்டுரையைப் பெறுவது

கட்டுரை இருப்பது தெரிந்த பின் பணம் கேட்கும் பக்கம் வந்து நின்றால், அட்டையை எடுக்காதீர்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்கீழ், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. மலையில் உள்ள அரசுக் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டுப் பெறுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். உங்கள் கல்லூரி நூலகரிடம் சென்று, வீட்டிலிருந்தும் உள்நுழைவதற்கான கணக்கைக் கேளுங்கள். எந்த நிறுவனத்தையும் சாராதவர்கள் ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகளைத் திரையில் படிக்கலாம். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு பதிவின் கீழும் உள்ள 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பில், ஆசிரியரே தம் நிறுவனத் தளத்தில் ஏற்றிய படி பல நேரம் இருக்கும். அதுவும் இல்லாவிட்டால், கட்டுரையாசிரியருக்கு மரியாதையாக நான்கு வரி மின்னஞ்சல் எழுதுங்கள்; பெரும்பாலோர் அனுப்பிவிடுகிறார்கள்.

ஆடி மழையில் மின்சாரமும் டவரும் சேர்ந்து போகும் ஊரில் இருப்பவர்கள், இணைப்புக் கிடைக்கும் நேரத்தில் படிக்க உட்காராமல் தேடவும் இறக்கவும் மட்டும் செய்து, இணைப்பு இல்லாத நேரத்தைப் படிப்புக்கு வைத்துக்கொள்வது நல்லது. இறக்கிய ஒவ்வொரு கோப்புக்கும் ஆசிரியர், ஆண்டு, ஒரு சொல் என்ற வரிசையில் உடனே பெயரிடுங்கள். ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருளில் சேர்த்துவிட்டால், மேற்கோள் விவரங்களைப் பின்னர் தேடி அலைய வேண்டியதில்லை.

கிடைத்ததெல்லாம் நம்பத்தக்கதா என்பது தனிக் கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டதால், எடைபோடும் பொறுப்பு இப்போது நெறியாளர் மீதும் உங்கள் மீதுமே இருக்கிறது. ஆசிரியர் குழுவினர் அத்துறையில் எழுதியவர்களா, கட்டுரை தன் தரவு எங்கே, எப்போது, எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்கிறதா, பிறர் அதை எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

கடைசியாக, தேடல் குறிப்பு. எந்த நாளில், எந்தத் தளத்தில், எந்தச் சொற்களை இட்டீர்கள், எத்தனை வந்தன, எவற்றை எடுத்தீர்கள் என்பதை அதே நோட்டில் எழுதிவைக்க வேண்டும். வெவ்வேறு சொற்களைக் கொண்டு மூன்று தளங்களில் தேடியும் ஏற்கெனவே குறித்தவையே திரும்பத் திரும்ப வருமானால், தேடுவதை நிறுத்திவிட்டுப் படிக்கத் தொடங்கலாம். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு ஒரு மாதம் முன்பு, நோட்டில் உள்ள அதே சொற்களை அதே தளங்களில் மறுபடி இட்டு, இடையில் புதிதாக வந்தவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.